தண்டர்பேர்ட் உறைந்து நின்றால் நாட்காட்டியைப் பாருங்கள்

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலைத் திறந்ததும் திரை வெளிறிப்போய், எதை அழுத்தினாலும் அசையாமல் நிற்கிறதா? அவசரப்பட்டு நிரலை நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். அஞ்சல்களும் ஆட்-ஆன்களும் (நிரலில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) புரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் இருப்பவை. கோளாறு அங்கே இருந்தால் மறுநிறுவலில் போகாது.

விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறங்கள். ஆட்-ஆன்கள் இல்லாமல் திறக்கும் வழி கிடைக்கும். அப்போது நன்றாக ஓடினால் ஏதோ ஒரு ஆட்-ஆன்தான் காரணம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். நாட்காட்டி தொடர்பான ஆட்-ஆன் ஏதும் இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சரி, அப்படித் திறந்தும் உறைகிறதா? முன்பு தனி ஆட்-ஆனாக இருந்த லைட்னிங் நாட்காட்டி, 2020இல் வந்த 78ஆம் பதிப்பில் நிரலுக்குள்ளேயே கலந்துவிட்டது. ஆகவே ஆட்-ஆன்களை நிறுத்தினாலும் அது நிற்காது. நிரலை மூடிவிட்டு, முழு புரொஃபைலையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அப்புறம் அதற்குள் ‘காலண்டர்-டேட்டா’ கோப்புறையைத் திறந்து, ‘கேஷ்’ என்று தொடங்கும் எஸ்க்யூலைட் (தரவுத்தள வகை) கோப்பின் பெயரை மாற்றுங்கள். இணைய நாட்காட்டியின் நிகழ்வுகள் சர்வரிலிருந்து மீண்டும் இறங்கிவிடும்.

பக்கத்திலேயே ‘லோக்கல்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். உங்கள் கணினியில் மட்டும் குறித்து வைத்த பிறந்தநாள், மருத்துவர் சந்திப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.