இன்ஃபினிட்டி ஜி35 செடானில் கூடுதல் கியர்பாக்ஸ் ஆயில் கூலர் பொருத்துவது எப்படி?

நிசானின் சொகுசுப் பிராண்டான இன்ஃபினிட்டி அமெரிக்காவில் 2003 முதல் 2006 மாடல் வரை விற்ற முதல் தலைமுறை ஜி35 செடான் இன்று பழைய கார் சந்தையில் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. ஜப்பானில் இதே கார் நிசான் ஸ்கைலைன் என்ற பெயரில் ஓடியது. 3.5 லிட்டர் வி6 என்ஜின், ஆரம்ப மாடல்களில் 260 குதிரைத்திறன், ஜாட்கோ தயாரித்த ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கியபின் சக்கரம், சைலன்சர், ஏர் ஃபில்டர் என்று செலவு செய்கிறார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு.

கூலரைப் பொருத்தும் வேலை ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் எண்ணெய் அளவைச் சரியாக வைப்பதுதான் உண்மையான வேலை. அதனால் படி 6-ஐப் படிக்காமல் முதல் நட்டைக் கழற்ற வேண்டாம்.

எண்ணெய் ஏன் சூடாகிறது?

என்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எண்ணெயை வீசியடிக்க, அந்த விசையில் மறுபக்கம் சுழல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வராத வரை வீணாகும் சக்தியெல்லாம் சூடாக மாறி எண்ணெயில் சேரும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் சூடு குறைவு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போதும், மலை ஏறும்போதும், ரேஸ் டிராக்கில் ஓட்டும்போதும்தான் சூடு ஏறும்.

அதைத் தணிக்க ரேடியேட்டர் தொட்டிக்குள் ஒரு சின்ன கூலர் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி ஓடும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமே 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எண்ணெய் அதற்குக் கீழே எப்படிக் குளிரும்? அரிசோனா, டெக்சஸ் கோடையில் டிராக்கில் ஓட்டினால் கூலன்ட்டின் சூடும் ஏறும், எண்ணெயும் கூடவே ஏறும்.

எண்ணெய் 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. 120 டிகிரியைத் தாண்டி நீடித்தால் எண்ணெய் சிதைந்து உள்ளே பசை போலப் படியத் தொடங்கும். 150 டிகிரி பக்கம் போனால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தகடுகள் கருகும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் குத்துமதிப்பான கணக்கு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கூலர் ஒரு தடுப்பு மட்டும்தான். கியர் நழுவுகிறது, எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறது என்றால் முதலில் கியர்பாக்ஸைச் சரியான ஆளிடம் காட்டுங்கள்.

என்ன வாங்குவது?

கடையில் மூன்று வகை இருக்கும். குழாயை வளைத்துத் தகடு செருகிய வகை விலை குறைவு, திறனும் குறைவு. தட்டையான தகடுகளுக்குள் எண்ணெய் ஓடும் வகை அடுத்தது. தகடுகளை அடுக்கடுக்காக வைத்துச் செய்த வகைதான் இடத்துக்கு ஏற்ற பலன் தரும். என் ஓட்டு அதற்கே. ஹேடன், ட்ரூ-கூல், பி அண்ட் எம் ஆகியவை அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பெயர்கள். அட்டையில் இத்தனை ஆயிரம் பவுண்டு வண்டிக்கு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கான கணக்கு. இந்த செடானுக்குச் சின்ன அல்லது நடுத்தர அளவே போதும். பெரியதாக வாங்கினால் நல்லது என்ற நினைப்பு இங்கே எடுபடாது: எண்ணெய் தேவைக்கு மேல் குளிர்ந்தாலும் கியர் மாற்றம் மந்தமாகும், லாக்கப் தாமதமாகும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எஸ்.ஏ.இ. ஜே1532 என்ற தரக்குறியைப் பக்கவாட்டில் அச்சிட்ட கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ்தான் வேண்டும். ஹீட்டர் ஹோஸ், சாதாரண பெட்ரோல் ஹோஸ் எதுவும் இந்தச் சூட்டையும் எண்ணெயையும் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்காது. உள்விட்டத்தை ஊகித்து வாங்காமல், காரில் இருக்கும் குழாய் முனையை காலிப்பரால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, இந்த கியர்பாக்ஸுக்கு நிசான் முதலில் சொன்னது மேட்டிக் ஜே. இப்போது அதற்குப் பதில் வந்திருப்பது மேட்டிக் எஸ். நாலு லிட்டர் கையில் இருந்தால் நிம்மதி. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் எண்ணெயை நான் இதில் ஊற்றமாட்டேன்.

இவற்றோடு ஜாக், ஜாக் ஸ்டாண்ட் நான்கு, 10 மி.மீ. சாக்கெட், கிளிப் கழற்றும் கருவி, ஹோஸ் வெட்டும் கத்தி, நல்ல கிளாம்புகள், நீளக் குழாய் வைத்த புனல், எண்ணெய் பிடிக்கத் தட்டு, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

படி 1: முதலில் சூட்டை அளந்து வையுங்கள்

நிசான் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைப் படிக்கக்கூடிய ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி, வழக்கமாக ஓடும் பாதையில் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அகச்சிவப்பு வெப்பமானியால் கியர்பாக்ஸ் அடித்தட்டின் சூட்டைப் பாருங்கள், தோராயமாகத் தெரியும். வெயில் நாளிலும் 95 டிகிரியைத் தாண்டவில்லை, டிராக் பக்கம் போகும் எண்ணமும் இல்லை என்றால் காசை மிச்சம் பிடிக்கலாம்.

படி 2: காரைத் தூக்கி, முன்பக்கம் பிரிப்பது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, தூக்கி, ஜாக் ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது தற்கொலைக்குச் சமம். அடிப்பக்க பிளாஸ்டிக் மூடி, சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், பம்பரின் மேல்விளிம்பு கிளிப்புகள், பனிவிளக்கு இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் முன் பம்பர் உறை வந்துவிடும். பழைய கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும். ஒரு பொட்டலம் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கூலரை எங்கே, எப்படி நிறுத்துவது

ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர் இருக்கும். அதற்கும் முன்னால், காற்று நேரே படும் இடம். கூலரோடு வரும் பிளாஸ்டிக் கம்பிகளைக் கண்டென்சரின் தகடுகளுக்குள் ஊடுருவவிட்டுப் பின்பக்கம் இழுத்துக் கட்டச் சொல்லும் விளக்கத்தாளைப் பார்ப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். வண்டி அதிர அதிரக் கம்பியும் கூலரும் உரசி, மாதங்கள் கழித்துக் கண்டென்சரில் ஓட்டை விழும், ஏ.சி. வாயு போய்விடும். கூலருக்காக வாங்கும் நூற்றைம்பது டாலர் சாமானால் பல நூறு டாலர் செலவு வந்து சேரும்.

அதற்குப் பதில் அலுமினியப் பட்டையை வளைத்து, ரேடியேட்டர் தாங்கியில் இருக்கும் திருகுகளோடு கூலரை இறுக்குங்கள். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இரு முனைகளும் மேலே பார்க்கலாம், பக்கவாட்டில் பார்க்கலாம். கீழே பார்த்தபடி வைத்தால் உள்ளே காற்று தேங்கும். பம்பர் உறையை ஒருமுறை சும்மா வைத்துப் பார்த்து எங்கேயும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்த பின்புதான் முழுக்க இறுக்குங்கள்.

படி 4: எந்தக் குழாய் திரும்பும் குழாய்?

ரேடியேட்டரின் அடிப்பகுதியில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் ஸ்பிரிங் கிளாம்போடு மாட்டியிருக்கும். ஒன்று கியர்பாக்ஸிலிருந்து சூடான எண்ணெயைக் கொண்டுவருகிறது. மற்றது ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறது. புதிய கூலரை இந்தத் திரும்பும் பாதையில்தான் சேர்க்கப் போகிறோம்: கியர்பாக்ஸ், ரேடியேட்டர், புதிய கூலர், மறுபடி கியர்பாக்ஸ். ரேடியேட்டர் சூட்டின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்ட பிறகு மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அடையாளம் காண ஒரு வழி: ஒரு ஹோஸை ரேடியேட்டரிலிருந்து கழற்றி அதன் முனையை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். ரேடியேட்டரின் முனையிலும் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி இன்னொரு பாட்டிலுக்குள் விடுங்கள். நண்பர் ஒருவர் பார்க்கிங் கியரில் வைத்து ஓரிரு விநாடி மட்டும் என்ஜினை ஓட்டி அணைக்கட்டும். கழற்றிய ஹோஸிலிருந்து எண்ணெய் பாய்ந்தால் அது கியர்பாக்ஸிலிருந்து வருவது. ரேடியேட்டர் முனையிலிருந்து பாய்ந்தால் நீங்கள் கழற்றியது திரும்பும் ஹோஸ், அதாவது நமக்கு வேண்டியது. ஓரிரு விநாடிக்கு மேல் ஓடவிட்டால் கியர்பாக்ஸ் எண்ணெயின்றிக் காயும். வெளியேறிய அளவைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

ரேடியேட்டரையே விட்டுவிட்டு நேரே கூலருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நிசானின் 2005 முதல் 2010 வரையிலான பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரன்டியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் வெடித்து, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் கலந்து நாசமான கதை பிரபலம், வழக்கு வரை போனது. ஜி35 வேறு ரேடியேட்டர், இருந்தாலும் இருபது வருடப் பழைய ரேடியேட்டரை நம்புவதைவிடப் புதிதாக ஒன்றை மாட்டுவது நல்லது. விலக்க வேண்டியது இல்லை. காலை நேரத்தில் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்குவதும் அதே ரேடியேட்டர்தான்.

மின்னசோட்டா, சிகாகோ மாதிரி உறைபனி ஊரில் இருந்தால் இன்னொரு ஏற்பாடும் தேவை: சுமார் 80 டிகிரி வரை கூலரைத் தவிர்த்து எண்ணெயைத் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு.

படி 5: ஹோஸை மாட்டுவது

புதிய கூலருக்குள் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துத் தூசியை வெளியேற்றுங்கள். ஹோஸின் முனையைச் சாய்வில்லாமல் நேராக வெட்டுங்கள். கூலரின் முனை 25 மி.மீ. உள்ளே போகும்படி ஹோஸைத் தள்ளி, முனையின் புடைப்புக்குப் பின்னால் கிளாம்பை வையுங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் கிளாம்பே ஹோஸை அறுத்துவிடும். கூர்மையான வளைவு வேண்டாம், உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும். விசிறி, பெல்ட், சைலன்சர் குழாய் மூன்றிலிருந்தும் ஹோஸைத் தள்ளியே கொண்டுபோங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

திருகு இணைப்பு ஏதாவது இருந்தால் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் இழை பிய்ந்து, கியர் மாற்றத்துக்கான எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போனால் தலைவலி. எண்ணெய் தாங்கும் திரவ சீலன்ட் போதும்.

படி 6: எண்ணெய் அளவு

இதுதான் நான் முதலில் சொன்ன இடம். ஜி35-ன் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி, என்ஜினின் பின்பக்கம் ஒரு 10 மி.மீ. போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும், அதனால் பலர் டிப்ஸ்டிக்கே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எண்ணெய் ஊற்றுவதும் அதே குழாய் வழியாகத்தான்.

முதலில், பாட்டிலில் பிடித்த அளவையும் அதற்கு மேல் அரை லிட்டரையும் ஊற்றுங்கள். கூலரும் ஹோஸும் குடிப்பது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். கார் சமதரையில், நாலு சக்கரமும் தரையில். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியர் நிலையிலும் மூன்று விநாடி நிறுத்தி, மறுபடி பார்க்கிங்கில் வையுங்கள். அணைக்காமலே டிப்ஸ்டிக்கை எடுத்து, நூல் உதிராத காகிதத்தால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். குளிர் பக்கக் கோட்டில் தெரிந்தால் ஓட்டத் தொடங்கலாம், அது தோராயம் மட்டுமே.

சரியான அளவு எண்ணெய் சுமார் 65 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது சூடு பக்கக் கோடுகளுக்கு நடுவில் நிற்பது. ஸ்கேனரை மாட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி, அந்தச் சூடு வந்ததும் நிறுத்தி அளவிடுங்கள். குறைந்தால் நூறு நூறு மில்லியாக ஊற்றுங்கள். அதிகமாகிவிட்டால் பரவாயில்லை என்று விட முடியாது. சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரை அழுத்தம் தராது, கியர் நழுவும், சூடும் ஏறும். அதிகம் ஊற்றியிருந்தால் டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய குழாய்விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். முடிந்ததும் 10 மி.மீ. போல்ட்டைத் திரும்ப மாட்ட மறக்கவேண்டாம்.

படி 7: கசிவு பார்த்து மூடுவது

பம்பரை மாட்டும் முன் பதினைந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக ஈரம் தெரிந்தால் கிளாம்பைச் சரிசெய்யுங்கள். இரவு காரின் அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்துவிட்டு, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கிளாம்புகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

அதே பாதையில், அதே போன்ற வெயிலில் ஓட்டி, படி 1-ல் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். கடும் ஓட்டத்திலும் 100 டிகிரிக்குக் கீழே நின்றால் நல்ல பலன். மாறாக, நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டியும் 60 டிகிரிகூடத் தொடவில்லை என்றால் கூலர் தேவைக்கு மேல் பெரியது. தெர்மோஸ்டாட் வால்வு போடலாம், அல்லது குளிர் மாதங்களில் கூலரின் ஒரு பகுதியை மறைத்து வைக்கலாம். தட்டில் பிடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் அதை இலவசமாகவே வாங்கிக்கொள்கின்றன.