தமிழ்ப் பதாகை அடிக்கக் கொடுக்கும் முன்

பதாகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள். வேர்டில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதை அப்படியே படமாக வைக்கும்படி அச்சகத்தில் சொல்லுங்கள்.

கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோடில் ‘வே’ என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அச்சகத்து மென்பொருள் அதைச் செய்யாவிட்டால் எழுத்து உடைந்துவிடும். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் வடிவம் மாறாது. பத்துமலை முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று ‘வேலும் மயிலும் துணை’ என்பதே சிதைந்து தொங்கினால் மனசு கொதிக்காதா? பிடிஎஃப்பாகக் கொடுத்தால் திரும்ப அடிக்கும் காசும் மிச்சம்.

அச்சகத்தார் வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் இது பலிக்காது. அப்புறம், ‘வால்த்துகள்’ என்று தட்டியிருந்தால் அதுவும் அப்படியே அச்சாகும். தமிழ் படித்த ஒருவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.