ஆடு புலி ஆட்டம்: ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது எப்படி?

சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காய் நகர்த்துவதில் பெரியவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. நிஜமாக ஆடினால் பிள்ளை கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கும். வேண்டுமென்றே தோற்றால் அதையும் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, "நீங்க சும்மா விட்டுக்கொடுக்கறீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆடு புலி ஆட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் முதலிலேயே சமமில்லை: ஒரு பக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. இந்த எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தால் போதும். பெரியவர் முழு மூச்சாக ஆடலாம், பிள்ளையும் ஜெயிக்கலாம். வீட்டில் முதலில் சொல்லித்தர வேண்டிய வியூக ஆட்டம் எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வது அதனால்தான்.

பதினைந்து வரை எண்ணத் தெரிந்து, தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரிந்தால் தொடங்கலாம். எண்ணத் தெரிவதைவிடக் காத்திருக்கத் தெரிவதுதான் முக்கியம்.

கட்டம் வரையுங்கள்

தரையில் சாக்பீஸால் வரையலாம், மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவாலும் வரையலாம். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கோடுகளைச் செதுக்கியே வைத்திருப்பார்கள். அடுத்த முறை போகும்போது பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள்.

மேலே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் உச்சி. அங்கிருந்து கீழ்நோக்கி விசிறி போல நான்கு கோடுகள் இழுத்து, நான்கின் அடியையும் ஒரு படுக்கைக் கோட்டால் சேருங்கள். பெரிய முக்கோணம் கிடைக்கும். அதன் குறுக்கே ஒரே நீளத்தில் மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். மூன்றும் முக்கோணத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய முனைகளை இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் வலப்பக்கம் ஒன்றாலும் இணைத்தால் முக்கோணத்தின் மேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும்.

இப்போது கோடுகள் சந்திக்கும் இடங்களைப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக மொத்தம் 23. எண்ணிக்கை குறைந்தால் பெரும்பாலும் மூன்றாவது குறுக்குக் கோட்டில்தான் தப்பு இருக்கும். கீழே வர வர முக்கோணம் அகலமாகிவிடுவதால் பெட்டி அதைவிட அகலமாக இருக்க வேண்டும்.

ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை, புலிக்கு மூன்று சோழி அல்லது பாட்டில் மூடி. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் புளியங்கொட்டையை மறந்துவிடுங்கள். வாயில் போட்டு விழுங்க முடியாத பெரிய காயாகப் பாருங்கள்.

முதல் நாள்: புலி நடக்கப் பழகட்டும்

எல்லா விதியையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் பிள்ளை கையில் ஒரே ஒரு புலி. கோட்டின் வழியாக, பக்கத்தில் காலியாக இருக்கும் சந்திப்புக்கு ஒரு அடி நகரலாம், அவ்வளவுதான். கோடு இல்லாத இடத்தில் குறுக்கே தாவுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வேலை. விரலைக் கோட்டின் மேல் வைத்து இழுத்துக் காட்டினால் புரிந்துவிடும்.

அப்புறம் ஐந்து ஆடுகளை, உச்சியையும் மூலைகளையும் அடிக்கோட்டு முனைகளையும் விட்டுவிட்டு, அங்கங்கே சிதறி வைத்து, வெட்டுவதைக் காட்டுங்கள். புலிக்கு அடுத்த சந்திப்பில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு முறைக்கு ஒரு ஆடுதான். இரண்டு ஆடு வரிசையாக நின்றால் தாண்ட முடியாது. ஐந்து ஆடும் அசையாமல் நிற்க, எத்தனை நகர்வில் எல்லாவற்றையும் தின்ன முடிகிறது என்று பார்க்கட்டும். அன்றைக்கு இது போதும். "இன்னொரு தடவை" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது படி: பிள்ளை புலி, நீங்கள் ஆடு

இனி முழு விதி. எங்கள் வழக்கப்படி, தொடக்கத்தில் ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் முதல் குறுக்குக் கோட்டின் நடு இரண்டு சந்திப்புகளில். ஆடுகள் வெளியே இருக்கும். நீங்கள் ஒரு ஆட்டைக் காலியான ஏதாவது ஒரு சந்திப்பில் வைக்க வேண்டும், பிறகு பிள்ளை ஒரு புலியை நகர்த்தும். பதினைந்து ஆடும் உள்ளே வரும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. எல்லாம் வந்தபிறகு ஆடுகளும் கோட்டின் வழியாக ஒரு அடி நகரலாம், ஆனால் தாண்ட முடியாது. எந்தப் புலியும் அசைய முடியாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. புலிக்கு எத்தனை ஆடு வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சின்னவர்களுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், நடுவில் மாற்றினால் பஞ்சாயத்துதான்.

பிள்ளைக்கு முதலில் புலியைக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், மூன்று காய்களைப் பார்த்துக்கொள்வது சுலபம், வெட்டும் சந்தோஷமும் உடனே கிடைக்கும். நீங்கள் பத்து ஆட்டோடு ஆடுங்கள். பிள்ளை தொடர்ந்து ஜெயித்தால் அடுத்த முறை பதினொன்று, பிறகு பன்னிரண்டு. இதை ஒளிக்க வேண்டாம். "நீ நல்லா ஆடுற, எனக்கு இன்னும் ஒரு ஆடு வேணும்" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். அப்பாவோ பாட்டியோ கூடுதல் ஆடு கேட்பது பிள்ளைக்குப் பெரிய பெருமை.

மூன்றாவது படி: ஆட்டுப் பக்கம்

விளையாட்டின் ருசியே இங்குதான். புலி பக்கம் பார்ப்பது வாய்ப்பை, ஆட்டுப் பக்கம் பார்ப்பது வரப்போகிற ஆபத்தை. சின்னப் பிள்ளைக்கு இரண்டாவது கடினம். அதனால் இங்கேயும் எண்ணிக்கையில் கை வைக்கலாம்: பிள்ளைக்குப் பதினைந்து ஆடு, உங்களுக்கு ஒரே ஒரு புலி.

பலகையை நன்றாகப் பாருங்கள். 23 இடங்களில் 7 இடங்களில் நிற்கும் ஆட்டைப் புலியால் எப்போதுமே தாண்ட முடியாது: உச்சி, பெட்டியின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள். அங்கே வரும் எல்லாக் கோடும் அங்கேயே முடிந்துவிடுவதால் தாண்டிப் போய் நிற்க இடமே கிடையாது. இதை நீங்களாகச் சொல்லாதீர்கள். ஒரு ஆட்டை மூலையில் வைத்து, "இதைப் புலியால சாப்பிட முடியுமா, பாரு" என்று கேளுங்கள். பிள்ளை புலியை எடுத்து இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று தானே சொல்லும். "இதே மாதிரி வேற இடம் இருக்கா?" என்றால் மீதியையும் தேடிவிடும். முதல் சில ஆடுகளை அந்த இடங்களில் வைக்கச் சொல்லிக்கொடுத்தாலே பாதி அழுகை குறையும்.

அதற்கடுத்த பாடம், ஆட்டுக்குப் பின்னால் ஆடு. பெட்டியின் இடப்பக்கம் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் ஆடு நின்றால், நடுவில் வைக்கும் மூன்றாவது ஆட்டையும் தொட முடியாது. பிள்ளை ஒவ்வொரு ஆட்டையும் வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதுக்குப் பின்னாடி யாரு இருக்காங்க?" நீங்கள் ஆடும்போதும் இதை வாய்விட்டே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் அதுவும் முணுமுணுக்கத் தொடங்கும்.

புலியை அடைப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியின் மூலையில் தனியாகச் சிக்கிய புலியைக் கட்ட நான்கு ஆடு போதும்: பக்கத்தில் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் இரண்டு. அதே புலி உச்சியில் இருந்தால் எட்டு ஆடு வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து நான்கு வழி. காயை வைத்து எண்ணிக் காட்டுங்கள். புலியை மூலைக்கு விரட்ட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும்.

ஒரு புலியைக் கட்டிவிட்டால் இரண்டு, பிறகு மூன்று. மூன்று புலி வந்ததும் முதல் சில ஆட்டங்களில் பிள்ளை தோற்கும், பரவாயில்லை. பதினைந்து ஆடும் பிழைத்து உள்ளே வந்துவிட்டால் பலகையில் ஐந்தே இடம்தான் காலி. புலிக்கு மூச்சு முட்டுவது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

சண்டை வராமல் இருக்க

வைத்த காயைத் திரும்ப எடுக்கலாமா? வீட்டுக்கு வீடு பெரிய வழக்கு இது. ஆட்டத்துக்கு மூன்று முறை எடுக்கலாம் என்று வைத்து, மூன்று பட்டனைப் பிள்ளை பக்கம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பட்டனைத் திருப்பித் தர வேண்டும். கடைசிப் பட்டனைச் செலவழிக்கப் பிள்ளைகள் யோசிக்கும் நேரம் இருக்கிறதே, காயை வைக்கக்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

புலி அதே இரண்டு இடங்களுக்கு நடுவே போய் வந்துகொண்டே இருந்தால் ஆட்டம் முடியாது. மூன்றாவது முறை வேறு நகர்வு செய்ய வேண்டும் என்று விதி வையுங்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்கொருவர் எதிராக உட்கார வைக்காதீர்கள், குறைந்தது முதல் மாதமாவது. இருவரும் ஆட்டுப் பக்கம், மாறி மாறி வைக்கட்டும். தாத்தா புலி. அக்கா தம்பியின் காதில் கிசுகிசுப்பதைத் தாத்தா கேட்காத மாதிரி இருக்க வேண்டும், அந்த நடிப்புக்கு மட்டும் அனுமதி உண்டு.

அடுத்து என்ன?

பல்லாங்குழியை இதோடு கூடவே தொடங்கலாம். ஏழேழாகப் பதினான்கு குழி, எண்ணிப் போட்டுக்கொண்டே போவதால் கணக்குக்கு நல்லது. ஆனால் எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டிப் பார்ப்பது ஐந்து வயதுக்கு எட்டாது, அதுவரை அது அதிர்ஷ்ட விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆடு புலியில் மூன்று புலியையும் பிள்ளை ஓரிரு முறை கட்டிவிட்டால், நேபாளத்தின் பாக் சால் சரியான அடுத்த படி. ஐந்துக்கு ஐந்தாக 25 சந்திப்புகள், நான்கு மூலையிலும் நான்கு புலி, வெளியே இருபது ஆடு, ஐந்து ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி. மற்ற விதியெல்லாம் கிட்டத்தட்ட இதேதான், ஐந்து புளியங்கொட்டையும் ஒரு சோழியும் கூடுதலாகத் தேடி எடுத்தால் அன்றைக்கே ஆடலாம்.