அகத்தித் தீவுக்குக் குடும்பத்துடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொச்சியிலிருந்து ஏறக்குறைய 460 கிலோமீட்டர் தொலைவில், லட்சத்தீவுக் கூட்டத்தில் இருக்கும் அகத்தி, பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய ஒடுங்கிய பவளத் தீவு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 7,500 பேருக்கு மேல் வாழும் இந்த ஊரின் முதன்மையான தொழில் சூரை மீன்பிடி. முக்குளிப்புக்கும் பவளப்பாறைகளைக் காண்பதற்கும் குடும்பங்கள் இங்கு வரத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பிறகுதான். இதை விடுதிகளுக்காக அமைந்த கடற்கரையாக எண்ணி வருவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

முதல் தவறு பயணச்சீட்டை முன்னதாக எடுத்துவிட்டு நுழைவு அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது. தீவைச் சேராத எவரும், இந்தியக் குடிமக்கள் உட்பட, அனுமதியின்றி லட்சத்தீவில் இறங்க இயலாது. குழந்தைகளின் பெயர்களும் அனுமதியில் இருக்க வேண்டும். எந்தெந்தத் தீவுகளுக்குச் செல்லலாம் என்பதும் அதில் குறிக்கப்படுவதால், அருகிலுள்ள பங்காரத்துக்கும் படகில் போய்வர எண்ணுவோர் அந்தப் பெயரையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தவறு நாட்களை இறுக்கமாகத் திட்டமிடுவது. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை தென்மேற்குப் பருவமழையால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். பள்ளி விடுமுறை என்பதற்காக மே இறுதியைத் தேர்ந்தெடுப்பது வீண்செலவில் முடியலாம். நல்ல பருவத்திலும் வானிலை காரணமாக விமானமோ கப்பலோ தாமதமாவதுண்டு. ஆகவே திரும்பிய மறுநாளே தேர்வோ அலுவலோ இருக்கும்படி திட்டமிடுவது தேவையற்ற பதற்றத்தைத் தரும். கப்பலில் செல்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். கப்பல் பல சமயங்களில் பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிடுவதால், ஆடிக்கொண்டிருக்கும் சிறு படகுக்குள் அதன் பக்கவாசல் வழியாக இறங்க நேரிடும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதானால் விமானமே நல்லது.

ஆனால் விமானத்தில் திரும்புவோரிடம்தான் மிக ஆபத்தான தவறு நேர்கிறது. கடைசி நாள் காலையில் ஸ்கூபா எனப்படும், காற்றுக்கலனைச் சுமந்து செய்யும் முக்குளிப்பை முடித்துவிட்டு அன்றே விமானம் ஏறுவது ஒருபோதும் கூடாது. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. அது மெல்ல வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்த விமான அறைக்குள் சென்றால், கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கலாம். ஒரு முறை மட்டும் முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஒரு முழு நாளை விட்டுவிடுவது இன்னும் பாதுகாப்பானது. கப்பலில் திரும்புவோர் கடல்மட்டத்திலேயே பயணம் செய்வதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் அவசரம் வருத்தம் தருகிறது. கடலில் அறிமுக முக்குளிப்புக்குப் பொதுவாகப் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும், ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. வயதை விடவும் பெரிய தகுதி பிள்ளையின் விருப்பம். பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக அஞ்சி நிற்கும் பிள்ளையை இறங்கச் சொன்னால், பதற்றத்தில் அது மூச்சை அடக்கிக்கொண்டு மேலே விரையக்கூடும். நுரையீரல் கிழிவதற்கு அதுவே போதும். சளி இருக்கும் நாளில் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது என்பதால் அன்று யாருமே முக்குளிக்கக் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, அண்மைய அறுவை சிகிச்சை ஆகியவற்றை மருத்துவப் படிவத்தில் மறைக்கவும் கூடாது. கடுமையான நோயாளிகளை இங்கிருந்து கொச்சிக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் எவரும் மறைக்க மாட்டார்கள். முக்குளிக்காத பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடையுடன் ஸ்நோர்கெல் என்னும் மூச்சுக்குழாய் அணிந்து மிதப்பதே நிறைவான அனுபவம்.

தீவுக்கும் பவளத்திட்டுக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற நீலக் கடலான லகூன் வெறும் விளையாட்டிடம் என்று எண்ணுவதும் தவறே. அகத்தியின் மீனவர்கள் சூரையைப் பெரும்பாலும் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அதற்குத் தேவையான சிறு இரைமீன்களை முதலில் லகூனில் வலையிட்டுப் பிடித்து, படகிலுள்ள நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்துக்கொண்டு, பிறகு ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். பயணிகள் வரும் பருவமும் இந்த மீன்பிடிப் பருவமும் ஒன்றே. வலையை வளைத்துக் காத்திருக்கும் இடத்தில் நீந்திச் சென்றோ கயாக் ஓட்டியோ இரைமீன்களைக் கலைத்துவிட்டால், அன்றைய தொழில் தடைபடக்கூடும். மீனவர்கள் வலையிடும் நேரத்தையும் இடத்தையும் தங்குமிடத்தாரிடம் கேட்டுக்கொண்டு நீரில் இறங்குவதே முறை.

கடல் வற்றும்போது பவளத்தின் மீது நடக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். காலடியில் பவளம் நொறுங்கும். கடல் முள்ளெலியும் கல்மீனும் காலைப் பதம் பார்க்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்ப அலைகளால் வெளிறி, 2024-இல் மீண்டும் வெளிறிய பவளங்கள் இவை. வெயிலுக்கு முழுக்கை நீச்சலுடை அணிந்தால், கடலில் கரையும் வெயில்தடுப்புக் களிம்பின் தேவையும் குறையும். உணவிலும் இதே கவனம் வேண்டும். பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் தருகிற கிளிமீனைச் சுட்டுத் தரும்படி கேட்பதை விட, ஆழ்கடலிலிருந்து வரும் சூரையைக் கேட்டு வாங்குவது நல்லது. சுவையிலும் அது குறைந்ததல்ல.

குடிநீரைத் தாராளமாகச் செலவழிப்பது கண்ணுக்குத் தெரியாத தவறு. மணலுக்கடியில் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், கடலின் மேற்பரப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு நன்னீர் தரும் நிலையத்தை 2011-இல் இங்கு நிறுவியதும் இந்தத் தட்டுப்பாட்டினால்தான்.

ஊர் மக்கள் இஸ்லாமியர்கள். இங்கே மது கிடையாது. நீச்சலுடையோடு தெருவில் நடப்பதும், பெண்களைக் கேட்காமல் படமெடுப்பதும் அவர்களைப் புண்படுத்தும்.

நினைவுப் பொருளாகச் செத்த பவளத் துண்டைக்கூடப் பெட்டியில் வைக்கக் கூடாது. வன்பவளங்களும் கடல் அட்டைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. பிள்ளை பொறுக்கியது என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. வீட்டுக்கு ஏதேனும் கொண்டுசெல்ல விரும்பினால், சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய மாசி வாங்கலாம். சிறிய விமானத்தில் சுமைக்கான எடை வரம்பு குறைவாக இருக்கக்கூடும் என்பதால், வாங்கும் முன்பே அதைப் பார்த்துக்கொண்டு, மணம் கசியாதபடி இரண்டு அடுக்கு உறையில் கட்டி எடுத்து வர வேண்டும்.