தாழ்மையைப் பழகும் முறை: கொடைக்கானல் மலைச் சபைகளுக்கு

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலைச் சபைக்காக ஏலம் விடும்போது, ஒரு கட்டு மலைப்பூண்டு எப்படி விலை ஏறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் மூன்று நான்கு கேள்வி பூண்டுக்காக வரும். அதற்கு மேல் பூண்டு யாருக்கும் நினைவில் இருக்காது. ஏலம் விடுகிறவரும் விடமாட்டார்: "என்னண்ணே, அவருக்கே விட்டுடுறீங்களா?" என்பார். கேட்டவர் முகம் சிவக்கும், இன்னும் நூறு ரூபாய் ஏறும். சபைக்கு நல்ல வரவுதான். ஆனால் அந்த நூறு ரூபாய் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவரை ஜெயிக்கக் கொடுத்த பணம்.

பெருமையை எங்கே பிடிப்பது என்று கேட்கிறவர்களுக்கு இந்த இடத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். "என் உள்ளத்தில் பெருமை இருக்கிறதா?" என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினால் அகப்படாது. பணம், பேச்சு, உட்காரும் இடம், மன்னிப்பு, பதவி ஆகிய இடங்களில் அது கையும் களவுமாகச் சிக்கும். தாழ்மையையும் அங்கேயேதான் பழக வேண்டும்.

ஏலத்துக்குச் செய்ய வேண்டியது இது. எவ்வளவு கொடுப்பது என்று சனிக்கிழமை இரவே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையை உறையில் போட்டு, பண்டிகை ஆராதனையிலேயே காணிக்கையாகப் படைத்துவிடுங்கள். ஏலத்தில் உங்கள் அடுப்படிக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். போட்டி என்று ஆனவுடன் விட்டுவிடுங்கள். பெரிய தொகை என்றால் கணக்கில் வர வேண்டும், பொருளாளர் ரசீது எழுதியே ஆக வேண்டும். அதைத் தடுக்காதீர்கள். "ரசீது போதும், அறிவிப்பு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே என்பது முக்கியம். அறிவித்த பிறகு எழுந்து "ஐயோ, என் பெயரை ஏன் சொன்னீர்கள்" என்றால் சபை உங்களை இரண்டு தடவை திரும்பிப் பார்க்கும். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று ஆண்டவர் சொன்னதற்கு இது மிகச் சிறிய கீழ்ப்படிதல். சலேத் மாதா திருவிழாவுக்கு, ஆகஸ்ட் 14, 15 தேதிகளில், நன்கொடை கொடுக்கிற பங்கு மக்களுக்கும் இதேதான்: பணம் போகட்டும், ஃபிளக்ஸில் படம் வேண்டாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

இந்த வழிகாட்டி, சபையிலோ ஊரிலோ ஏதாவது ஒரு மேட்டில் நிற்கிறவர்களுக்கு. கமிட்டி உறுப்பினர், பாடகர் குழுத் தலைவர், பிரசங்கியார், தோட்டக்காரர், காட்டேஜ் முதலாளி, வீட்டுக்குத் தலைவர். ஏற்கெனவே மிதிபடுகிறவர்களிடம் "தாழ்மையாய் இரு" என்று சொல்வது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் இறங்கி வருகிற கிறிஸ்து தேவனுடைய ரூபமாயிருந்தவர். மேலே இருந்தவர்தான் இறங்கினார்.

அடிக்கிற கணவனிடம் பொறுத்துப்போ என்று மனைவிக்கும், சம்பளம் பாக்கி வைத்த முதலாளியிடம் பேசாமல் இரு என்று கூலியாளுக்கும் தாழ்மையின் பெயரால் யாரும் புத்தி சொல்லக் கூடாது. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் அறைந்தபோது இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாய் வெளியே அனுப்பப் பார்த்தபோது, பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே வந்து அழைத்துப்போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). இருவரிடமும் தாழ்மை குறைந்துவிடவில்லை.

ஒரு தாள், பதினான்கு கோடு

செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் இளம் துறவிகள் பல தலைமுறையாகப் பயின்றார்கள். அவர்களுடைய சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஆன்ம சோதனை முறை எந்தச் சபையாருக்கும் உதவும். சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவர்கள் இதைக் கத்தோலிக்கருடையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139-ஆம் சங்கீத ஜெபத்தோடு தொடங்கினால் போதும்.

ஒரு தாளில் வாரத்துக்குப் பதினான்கு கோடு போடுங்கள், நாளுக்கு இரண்டு வீதம். மேல்கோடு மதியம் வரைக்கும், கீழ்க்கோடு இரவு வரைக்கும். காலையில் எழுந்ததும் எந்தக் குற்றத்தை இன்று பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பகலில் தவறும் ஒவ்வொரு முறையும், யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கையை வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை எண்ணிப் பார்த்து, தவறுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

இதில் பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்: "பெருமை" என்று தாளின் தலைப்பில் எழுதிவிடுவார்கள். அதை எண்ண முடியாது, இரண்டு நாளில் தாள் பைபிளுக்குள் போய் மறைந்துவிடும். எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். மற்றவர் பேச்சை முடிக்க விடாமல் குறுக்கே பாய்வது. நான் செய்த உதவியைப் பேச்சுவாக்கில் நுழைப்பது. பிள்ளையோ மருமகளோ சொன்ன சரியான யோசனையை "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று தள்ளுவது. பிரசங்கம் நடக்கும்போது "இது இன்னாருக்குத்தான்" என்று நினைப்பது. இவற்றில் ஒன்றை மட்டும், குறைந்தது நான்கு வாரம்.

புள்ளி குறைய ஆரம்பித்ததும் இன்னொரு ஆபத்து வரும். தாளைப் பார்த்து ஒரு திருப்தி பிறக்கும். அது, ஆலயத்தில் ஜெபித்ததாக இயேசு உவமையில் சொன்ன பரிசேயனுடைய திருப்தி (லூக்கா 18). வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம் என்று அவனிடமும் கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆகவே தாளை வீட்டுக் கூட்ட ஜெபத்தில் சாட்சியாகச் சொல்லாதீர்கள். மாத முடிவில் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். மாறாக, புள்ளி கூடிக்கொண்டே போய் மனம் சோர்ந்தால் சபைப் போதகரான ஆயரிடமோ பங்குக் குருவானவரிடமோ பேசுங்கள், தனியாகச் சுமக்க வேண்டாம்.

நாக்கு

யாராவது பாராட்டினால் "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். சொல்வது உண்மைதான். ஆனால் அது வாயிலிருந்து தானாக வர ஆரம்பித்துவிட்டால், இன்னொரு பாராட்டு வாங்கவும் உதவும். "ரொம்ப சந்தோஷம்" என்று ஏற்றுக்கொண்டு, அந்த வேலையில் உழைத்த இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள்: "ஆல்ட்டோ பாடின பிள்ளைங்க தினமும் அட்டுவம்பட்டியிலிருந்து நடந்து வந்து பழகுனாங்க." பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால் நாம் அந்த வேலையை எப்படிப் பார்த்திருக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

"நான் ஒண்ணுமே இல்லீங்க" என்று தன்னையே தாழ்த்திப் பேசுவதை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர் "ஆமாம், சரிதான்" என்றால் உங்களுக்கு வலிக்குமா என்று யோசித்துப் பாருங்கள். வலிக்கும் என்றால் அது தாழ்மைப் பேச்சு அல்ல.

பூண்டு மூட்டை வடுகபட்டிச் சந்தையில் நல்ல விலைக்குப் போன வாரம்தான் நாக்குக்குக் கடினமான வாரம். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று சொல்லாதே என உபாகமம் 8:17 எச்சரிக்கிறது. அந்த வாரம் ஒரு துண்டுத்தாள் எடுத்து, அந்த விளைச்சலில் கைபட்டவர்களை எழுதுங்கள்: விதைப்பூண்டு கடன் கொடுத்தவர், களை எடுத்தவர்கள், பூண்டு பிடுங்கிக் காய வைத்தவர்கள், மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர். எழுதி முடித்ததும் இதில் யாருக்குப் பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் பக்கத்திலேயே தொகையைக் குறித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. பாக்கியைக் கொடுக்காமல் நன்றி மட்டும் சொல்வதில் தாழ்மை எதுவும் இல்லை.

உட்காரும் இடமும் கூப்பிடும் விதமும்

விருந்தில் முதலிடம் தேடாமல் தாழ்ந்த இடத்தில் உட்கார் என்று லூக்கா 14-ல் இயேசு சொன்ன பந்தி உபதேசத்தை அப்படியே செய்யலாம். கல்யாணத்தில், ஸ்தோத்திரக் கூட்டத்தில், கமிட்டி விருந்தில் கடைசிப் பந்திக்கு நில்லுங்கள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு யாராவது முன்னால் கூப்பிடுவார்களா என்று கண் தேடக் கூடாது. தேடாமல் இருக்க ஒரு வழி, அங்கே ஒரு வேலையை எடுத்துக்கொள்வது: தண்ணீர் ஊற்றுங்கள், இலை எடுங்கள்.

இதைவிடக் கடினமானது கூப்பிடும் விதம். உங்களைவிடப் பத்து இருபது வயது மூத்த கூலியாளை "வா, போ, ஏய்" என்று கூப்பிடும் வழக்கம் இருந்தால் நாளைக் காலையிலேயே "வாங்கண்ணே", "வாங்கம்மா" என்று மாற்றுங்கள். முதல் வாரம் இரு பக்கமும் கூச்சமாக இருக்கும். அவர்களே "ஏன் சாமி இப்படி" என்பார்கள். விளக்கம் சொல்லி உபதேசம் ஆக்காதீர்கள், சிரித்துவிட்டுத் தொடருங்கள். காட்டில் டீ வரும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே வரப்பில் உட்கார்ந்து. சாதி பார்த்து டம்ளரையும் கல்லறையையும் பிரிக்கிற ஊரில் ஒருவன் எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும் தாழ்மை அவனுக்கு ஆரம்பமாகவே இல்லை.

மன்னிப்புக் கேட்கும்போது

பூசையில் "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மார்பில் தட்டுகிறோம். ஆராதனையில் பாவ அறிக்கையைச் சேர்ந்து சொல்கிறோம். ஆனால் தம்பியிடம் போய்ப் பேச மாட்டோம். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறது, அதாவது வழிபாட்டுக்கு நடுவில்கூட.

மூன்று வாக்கியம் போதும். என்ன செய்தேன் என்று பெயரிட்டுச் சொல்வது: "கமிட்டியில எல்லார் முன்னாலயும் உங்களைத் திருடன்னு சொன்னேன்." அது தப்பு என்று சொல்வது. மன்னிக்கும்படி கேட்பது. "மனசு புண்பட்டிருந்தா" என்று சொன்னால் குற்றம் அவர் மனதின் மேல் போய்விடுகிறது. "ஆனா நீங்களும்" என்று தொடங்கினால் அது வழக்கு. எல்லார் முன்னால் செய்ததற்கு எல்லார் முன்னால் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் இரகசியமாகக் கேட்பது பாதி. பண நஷ்டம் என்றால் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உடனே மன்னிப்புக் கிடைக்க வேண்டும் என்று நின்றுகொண்டிருக்காதீர்கள். அவருக்கு நாள் வேண்டும்.

கால் கழுவுதல்

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் அன்று கோயிலில் நடப்பதை வீட்டு ஜெபக்குழுவிலும், கத்தோலிக்கரின் சிறு குழுவான அன்பியத்திலும் செய்யலாம். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் வேண்டாம். கை பொறுக்கிற வெந்நீர் ஒரு வாளி, அகலமான பேசின் ஒன்று, ஆளுக்கு ஒரு துண்டு, மண்டியிடும் இடத்தில் மடித்த சாக்கு. பத்துப் பேருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், தண்ணீரை நடுவில் இரண்டு முறை மாற்றுங்கள். பழக்கமில்லாத குழுவில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்வது சங்கடம் தராது. கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய வியாழன் சடங்கில் 2016 முதல் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் அனுமதி தந்திருக்கிறார். நண்பனின் காலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சீட்டுப் போடுங்கள். செல்போனை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கழுவுவதைவிடக் காலை நீட்டுவதற்குத்தான் பலர் தயங்குவார்கள், பேதுரு மறுத்தது போலவே. வெடித்த குதிகாலை இன்னொருவர் கையில் கொடுப்பது, உதவி கேட்கத் தெரியாதவர்களுக்கு நல்ல பயிற்சி. யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

பொறுப்பை விட்டு இறங்கும்போது

பதவியில் இருக்கும்போது தாழ்மையாய் இருந்தவர்கள்கூட இங்கே இடறுவார்கள். பதவிக்காலம் முடியும் மாதத்திலேயே கணக்குப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், சாவிக்கொத்து எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, ஆயர் முன்னிலையில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். "அவசரத்துக்கு" என்று ஒரு மாற்றுச் சாவியைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்த விஷயங்களை, எந்தக் கூரை ஒழுகும், மின்கட்டணம் எந்தத் தேதி, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளைக்கு முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஆறு மாதம் கமிட்டி நடவடிக்கை பற்றி, கேட்டால் ஒழிய, கருத்துச் சொல்லாதீர்கள். பழக்கத்தில் உங்களிடமே வந்து கேட்பார்கள். "புதுச் செயலாளரைக் கேளுங்க" என்று அனுப்புங்கள். அவர் தவறு செய்வதைப் பார்த்தால் மத்தேயு 18:15 சொன்னபடி தனியாகப் போய் அவரிடம் மட்டும் சொல்லுங்கள், டீக்கடையில் வேண்டாம். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு மேடைப் பக்கம் போகாமல், மூட்டை இறக்குகிறவர்களோடு காலை ஆறு மணிக்கே போய் நில்லுங்கள்.