தாழ்கோண நார்மல் ஃபால்ட்: கோணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிலவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம். காலடியில் இருப்பது காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இழுபட்ட பாறைக் கட்டங்கள் ஏறியும் இறங்கியும் உள்ளே கிடக்கின்றன. மேலே தெரிவதோ செம்பூரான் கல்லும் கண்மாயும்தான். அதனால் ஃபால்டை, அதாவது பாறை உடைந்து நகர்ந்த பிளவை, நில அதிர்வு வெட்டுப்படத்தில்தான் பழகவேண்டியிருக்கிறது. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மேல்பக்கப் பாறை சரிவில் கீழே இறங்கினால் அது நார்மல் ஃபால்ட். சாய்வு 30 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தாழ்கோணம். படத்தின் செங்குத்து அளவை மூன்று மடங்கு நீட்டியிருந்தால், 20 டிகிரி சாய்வு 47 டிகிரிக்கு மேல் தெரியும். வெட்டு, ஸ்ட்ரைக்குக்கு (ஃபால்ட் கிடையாக ஓடும் திசைக்கு) 20 டிகிரி சாய்த்து ஓடினால் நேர்மாறு: அசல் 60 டிகிரி ஃபால்ட் 31 டிகிரி போலப் படுத்துவிடும். செங்குத்து அச்சு விநாடியில் (அதிர்வலை போய்த்திரும்பும் நேரத்தில்) இருந்தால், ஆழமாக மாற்றும்வரை கோணமானியைத் தொடவே வேண்டாம்.

படுத்திருந்தாலே த்ரஸ்ட் (நெருக்கத்தில் மேல்பக்கப் பாறை ஏறும் ஃபால்ட்) என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. இமயமலை நெருக்கத்தில் எழுந்த மலை. ஆனாலும் அங்குள்ள தென் திபெத் டிடாச்மென்ட் என்ற படுத்த பெரும் ஃபால்ட் நார்மல் ஃபால்டாகத்தான் நகர்ந்தது. பழைய பாறைமேல் இளைய பாறை உட்கார்ந்திருப்பது நல்ல துப்பு, ஆனால் அது மட்டும் போதாது. ஏற்கெனவே மடிந்த அடுக்கை த்ரஸ்ட் வெட்டினாலும் அப்படி வரலாம். வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை உருமாறிய அளவு, கீழிருந்து மேலே ஃபால்டைத் தாண்டியதும் சட்டென்று குறைகிறதா, நடுவில் இருக்கவேண்டிய பாறை காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவின் விப்பிள் மலையில் கீழே ஆழத்தில் இழுபட்ட மைலோனைட் பாறை, அதன்மேல் நொறுங்கிப் பச்சையேறிய குளோரைட் பிரெக்சியா, அதற்கும் மேலே சாய்ந்த மயோசீன் காலப் படிவுகள் என்று இந்த வரிசை தெளிவாகவே தெரியும்.

பலரும் சறுக்குவது உருவான விதத்தில்தான். இ. எம். ஆண்டர்சன் 1905-இல் வகுத்த கணக்குப்படி, பெரிய அழுத்தம் செங்குத்தாக இருந்து உராய்வுக் கெழு 0.6 என்றால், புது நார்மல் ஃபால்ட் சுமார் 60 டிகிரியில் பிறக்கும். 31 டிகிரிக்குக் கீழே படுத்தால் நகராமல் பூட்டிக்கொள்ளும். இதை வைத்து ‘தாழ்கோண ஃபால்ட் நகரவே முடியாது’ என்பது ஒரு கோடி. அதைக் கண்டுகொள்ளாமல் ‘பிறந்ததே 15 டிகிரியில்’ என்பது மறு கோடி.

சுவரோரம் நிறுத்திய ஆத்தங்குடிக் கற்கள் வரிசையாகச் சரிந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தரையில் நீளம் பிடிக்கும். செங்குத்தாகப் பிறந்த ஃபால்ட் பின்னால் படுக்கும் டாமினோ முறையும் இப்படித்தான். 60 டிகிரி 30 ஆனால் நீட்சி சைன் 60 வகுத்தல் சைன் 30, அதாவது 1.73, 10 கிலோமீட்டர் 17.3 ஆகும். கிடையாகப் படிந்த அடுக்குகளும் கூடவே 30 டிகிரி, ஃபால்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். அவை கிடையாகவே இருந்தால் டாமினோ கதை சொல்லாதீர்கள்.

இன்னொரு வழி ரோலிங் ஹிஞ்ச். மேலிருந்த பாறை இழுபட்டு விலக, பாரம் குறைந்த ஃபுட்வால் (ஃபால்டுக்குக் கீழே இருக்கும் பாறை) மேலெழுந்து வளையும். ஃபால்டின் மேல்பகுதி படுத்துவிடும். நாம் நின்று கோணம் அளப்பது அந்த ஓய்ந்த பகுதியில். ஆழத்தில் நகரும் பகுதி இன்னும் செங்குத்தாக இருக்கலாம்.

பலவீனமான கனிமமும் உள்ளே ஏறும் நீரழுத்தமும் பூட்டைத் திறக்கும். இத்தாலியின் எல்பா தீவில் சுக்காலே ஃபால்டில் டால்க் என்ற வழுக்கும் கனிமம் இருக்கிறது. சிவகங்கையில் வெட்டும் கிராஃபைட்டும் வழுக்கும் சரக்குதான். அதற்காக அங்கே தாழ்கோண ஃபால்ட் உண்டு என்று முடிவுகட்டக் கூடாது. எந்தக் கனிமமானாலும் தொடர்ச்சியான படலமாக இருந்தால்தான் ஃபால்ட் வழுக்கும், அங்கங்கே சிதறிய துகளால் பயனில்லை.

பெரிய நிலநடுக்கம் இல்லாததால் தாழ்கோண ஃபால்ட் செத்துவிட்டது என்பதும் சரியில்லை. 30 டிகிரிக்குக் கீழே பெரிய நடுக்கம் அரிது என்பது உண்மைதான். ஆனால் இத்தாலியின் ஆல்டோடிபெரினா ஃபால்ட் சிறு நடுக்கங்களோடு ஊர்கிறது. பப்புவா நியூகினியின் மாயியூ ஃபால்ட் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது.

கடைசியாக, தேர்வில் மதிப்பெண் போகும் கணக்கு. 20 டிகிரி ஃபால்டில் 10 கிலோமீட்டர் நழுவினால் கிடைவிலகல் 9.4, இறக்கம் 3.4 கிலோமீட்டர். இறக்கத்தை மட்டும் அளந்து, வழக்கமான 60 டிகிரி என்று போட்டால் கிடைவிலகல் 2 கிலோமீட்டர்தான் வரும், மீதி 7.4 கிலோமீட்டர் நீட்சி கணக்கில் காணாமல் போகும்.