பார்வைக்கான புதிய சிகிச்சைகள்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1902-ஆம் ஆண்டு வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை பிற்காலத்தில் கண் மருத்துவமனையாகவே பெயர் பெற்றதால், குடியாத்தம், ஆற்காடு, ஆரணிப் பக்கத்து மக்களுக்குக் கண் மருத்துவம் அன்னியமான ஒன்றல்ல. ஆனாலும் நோயின் பெயரையே அறியாமல், கைப்பேசியில் பார்த்த ‘சிப்’பையும் ‘ஸ்டெம் செல்’லையும் தேடிப் புறப்படும் குடும்பங்கள் இங்கும் உண்டு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பழுதடைந்திருப்பது கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கருவிழியா, உள்ளே பின்பக்கத்திலுள்ள விழித்திரையா, அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பா என்று தெரியாமல் எந்தப் புதிய சிகிச்சையைப் பற்றியும் பேசுவதில் பொருளில்லை. விழித்திரையின் அடியில் பொருத்தப்படும் ‘பிரைமா’ என்னும் 2 மில்லிமீட்டர் சிப்பைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துப் பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு எழுத்துகளைப் படிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. அவர்கள் அனைவரும் முதுமையில் விழித்திரையின் மையம் தேய்ந்தவர்கள். கேமரா பொருத்திய கண்ணாடியின் துணையோடு, பயிற்சி பெற்றுப் படித்தவர்கள். கண் அழுத்த நோயால் பார்வை நரம்பே பட்டுப்போனவருக்கு இந்தச் சிப்பால் பயனில்லை, ஏனெனில் சிப் எழுப்பும் சமிக்ஞையை மூளைக்குக் கொண்டு சேர்க்க வேண்டியது அந்த நரம்புதான்.

மரபணுச் சிகிச்சையிலும் இதே குழப்பம் நிலவுகிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘லக்ஸ்டர்னா’ என்ற மரபணு மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரேயொரு மரபணுவின் கோளாற்றுக்கு உரியது. அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு எஞ்சியிருந்தால்தான். இரு கண்களுக்குமாக அங்கே அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர். மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பக்கப் பார்வையைக் குறுக்கிக்கொண்டே வரும் விழித்திரை நோய்க்கோ பல பத்து மரபணுக்கள் காரணமாகலாம். ஆகவே மரபணுப் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தை எதிர்பார்த்திருப்பது வீண். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில், பெற்றோர் இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவைத் தமக்குத் தெரியாமலே சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு இந்நோய் தெரிந்ததும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்து மரபணு ஆலோசனை பெறாமல் விடுவது, வெளியே அதிகம் பேசப்படாத பெருந்தவறு என்பேன்.

பணத்தோடு கண்ணையும் பறிக்கக்கூடியது ஸ்டெம் செல் ஊசி, அதாவது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள் என்று சொல்லிக் கண்ணில் போடும் ஊசி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முதிய பெண்கள் மூவருக்கு அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். மூவருமே பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். 2017-இல் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த அறிக்கையின்படி, அதற்காக அவர்கள் பணமும் செலுத்தியிருந்தார்கள். கருவிழியின் ஓரத்துச் செல்களை எடுத்து, ரசாயனக் காயம்பட்ட கருவிழியைச் சீராக்கும் முறை நிலைபெற்ற ஒன்று. அதைக் காட்டி விழித்திரைக்கும் அப்படியே செய்யலாம் என்று சொல்வதுதான் ஏமாற்று. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, ஆய்வு நிலையிலுள்ள ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே ‘ஆய்வு’ என்று சொல்லிக்கொண்டே ரசீது நீட்டும் இடத்தில் எழுந்து வந்துவிடலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் காட்டினாலும், பதிவு என்பது ஒப்புதல் அன்று.

உடலுக்குள் வைக்கும் கருவியென்றால், பத்தாண்டு கழித்து அதைப் பழுது பார்ப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவி 2013-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்று, உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டதால், கண்ணுக்குள் கருவியை வைத்துக்கொண்டு உதிரிபாகத்துக்கு அலைய வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

புதியது வரட்டும் என்று இருக்கும் சிகிச்சையை நிறுத்துவது இன்னொரு தவறு. கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் இழக்கும் பார்வையை எந்தக் கருவியும் இன்று மீட்டுத் தருவதில்லை. சர்க்கரை நோயாளி லேசர் சிகிச்சையையோ கண்ணில் போடும் ஊசியையோ தள்ளிப்போடுவதும் அப்படித்தான். மீதமுள்ள பார்வைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, எழுத்தை வாசித்துக்காட்டும் கைப்பேசி வசதி, வெள்ளைக்கோல் பயிற்சி ஆகியவற்றை மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் கேட்டுப் பெறலாம்; பள்ளிக்குப் போகும் பிள்ளையானால் அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்காமல் இப்போதே கேட்க வேண்டும்.